இரண்டாவது பூச்சு

வார்னிஷ் அடித்த மரத்தை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கடைகளில் புதுத் தளபாடங்களை முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி நிறுத்தி வைத்திருப்பார்களே, அவற்றைப் பார்த்தாலே எனக்குக் கோபம்தான் வரும். மரம் என்றால் மரமாக இருக்க வேண்டும். கை வைத்தால் அதன் ரேகை விரலில் தட்டுப்பட வேண்டும். ஆணி இருந்த துளை, சூடான சட்டி வைத்த கறுப்பு வட்டம், கத்தி வழுக்கிய கீறல் எல்லாம் அப்படியே கிடக்கட்டும். களிம்பு அப்பி அவற்றை மறைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பழசைச் சுரண்டி, தேய்த்து, எண்ணெய் காட்டி, தேன்மெழுகு தடவி, பழைய பருத்திச் சேலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் போதும். அதிலும் ஒரு மினுக்கம் வரும். அது கண்ணைக் குத்தாது.

இது என்னுடைய சொந்த ருசி. எங்கள் ஒழுங்கையில் வேறு ஒருவருக்கும் இது பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, எல்லாத்தையும் உரிச்ச கோழி மாதிரி நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்? ஒரு பெயின்றை அடிச்சால் என்ன?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் கரையோரம் வீடு வைத்திருக்கிறவர்கள் மரத்தை வெறுமையாக விடமாட்டார்கள். உப்புக் காற்று ஒரு மாரியிலேயே அதன் நிறத்தைக் கெடுத்துவிடும்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு நிறம் கொடுப்பது வள்ளம்தான். கோயில் திருநாள் கிட்டும்போது வள்ளத்தைக் கரையில் ஏற்றி, சுரண்டி, புதிதாகப் பெயின்ற் அடிப்பார்கள். மிஞ்சுகிற பெயின்ற் வீட்டுக்கு வரும். திறந்த பெயின்ற் ரின்னை, அந்தத் தகர டப்பாவை, இந்த வெக்கையில் நெடுநாள் வைத்திருக்க ஏலாது. தோல் கட்டி, தடித்து, பிறகு கல்லாகிவிடும். அதனால் அந்தக் கிழமையே யன்னல், வாங்கு, கதிரை, கோழிக்கூடு, கிணற்றுக் கப்பி என்று கண்டதற்கெல்லாம் அடிப்பார்கள். ஒரு வீட்டின் யன்னலைப் பார்த்து அது எந்த வள்ளக்காரன் வீடு என்று சொல்லிவிடலாம். அதிலும் என் கணவரின் ஆட்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பிரஷில் ஒட்டியிருக்கிற கடைசிப் பெயின்றை மண்ணில் துடைக்க மாட்டார்கள். வள்ளத்துக்கு அடித்தது காலில் மிதிபடக் கூடாதாம். வீட்டுக்குள் ஏதாவது ஒன்றில்தான் துடைத்து முடிப்பார்கள்.

கலியாணம் கட்டி வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. நான் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்தால் என் சீதன மேசை நீலமாக நிற்கும். அடுத்த வருடம் கட்டில் தலைமாடு. ஒருமுறை என் தையல் பெட்டியின் மூடியில் ஒரு நீலக் கோடு. "இதை ஏன் பழுதாக்கினீங்கள்?" என்று கணவரைக் கேட்டால், "பிரஷைத் துடைச்சனான்" என்பார், மிக நியாயமான காரணம் சொல்கிறவர் போல. நாங்கள் வேறு எதற்கும் பெரிதாகச் சண்டை பிடித்ததில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. சண்டைக்கு எங்களுக்குக் கிடைத்தது மேசையும் கதிரையும்தான். நான் சுரண்டுவேன் என்பேன். அவர் அடிப்பேன் என்பார். "கை வைச்சுப் பாருங்கோ" என்று நான் கத்த, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி படலையைத் தாண்டிப் போய்விடுவார்.

அவருக்கென்று குசினியில் ஒரு கைக்கதிரை இருந்தது. அனலைதீவில் ஒரு குடும்பம் வெளிக்கிட்டுப் போகும்போது விட்டுச் சென்றதை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடலால் வந்ததும் அதில் இருந்துதான் தேத்தண்ணி குடிப்பார். வருடா வருடம் அதற்கும் பெயின்ற் அடிக்கப்படும். ஆனால் அது காயும் வரை காத்திருக்கிற பொறுமை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஈரத்தோடு இருந்துவிட்டு எழும்புவார். சாரத்தில் நீல வரிகள் விழுந்திருக்கும். தோய்த்துத் தோய்த்து என் கைதான் நொந்தது. கடைசியாக அடித்த வருடம் காய்வதற்கு முதலே கதிரையைப் பிடித்து இழுத்ததில், முதுகுச் சட்டத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் பதிந்து அப்படியே காய்ந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. நாட்டில் சண்டைக் காலம். நேவிக்காரர் கடலுக்குப் போக விட்டார்கள், பிறகு விடவில்லை, பிறகு பகலில் மட்டும் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்து வெயிலில் பலகை பிளந்து போனது. அவர் வீட்டுக்கும் கரைக்கும் நடந்து நடந்து மெலிந்துபோனார். ஒருநாள் பிரான்சுக்குப் போகப் போவதாகச் சொன்னார். கொஞ்சக் காலம்தான் என்றார். நான் மறிக்கவில்லை. மறித்திருந்தால் அவர் இங்கே இருந்து என்ன செய்திருப்பார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அங்கே அவருக்கு இருப்பதற்கான அனுமதிக் காட் கிடைக்கவில்லை. காட் இல்லாமல் வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. என்னை அங்கே எடுப்பிக்கவும் முடியாது. காட் கேட்டு எழுதுவதும் அந்த அரசாங்கம் மறுப்பதுமாக வருடங்கள் போயின. அந்தக் காலம் முழுவதும் போனில் நான் அவரை "வாங்கோ" என்று ஒருநாளும் கேட்டதில்லை. வர முடியாத மனிசனிடம் வாங்கோ என்று சொல்வது அவரை அழ வைக்கிற வேலை. ஆகவே மழை பெய்ததா, கறி என்ன, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கதைத்துவிட்டு வைத்துவிடுவோம்.

தனியாக இருந்த முதல் வருடத்தில்தான் நான் சுரண்டத் தொடங்கினேன். முதலில் அந்தச் சீதன மேசை. இனி மறிப்பதற்கு ஆள் இல்லைத்தானே என்ற ஒரு கோபம். அதை வெயிலில் போட்டு, உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டை எடுத்துச் சுரண்டினேன். கண்ணாடியைச் சரிவாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் நிமிர்த்தினால் மரத்தில் பல் விழும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மேசையின் ஒரு மூலை முழுவதும் பல் அடையாளம். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் நீலம் போய் உள்ளிருந்து தேக்கின் தவிட்டு நிறம் வெளிவந்தபோது கை தானாக நின்றது. எவ்வளவு வடிவு! இதைக் காட்ட வேண்டுமென்று குசினிப் பக்கம் திரும்பினேன். கதிரை வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. யார் வீட்டில் பழைய சாமான் எறிகிறார்கள் என்று காதில் விழுந்தால் போய்ப் பார்ப்பேன். விற்பதற்கு இல்லை, எல்லாம் என் வீட்டுக்குத்தான். வேலணையில் பெரிய வீடொன்றைத் திருத்த வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தபோது, கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி ஒன்றைப் புளியமரத்தின் கீழே தள்ளியிருந்தார்கள். கேட்டேன். "உதை என்ன செய்யப் போறியள், கொண்டு போங்கோ" என்றார்கள். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி வந்தேன். தார் போன்ற தடித்த மண்நிறப் பெயின்ற். கச்சான் காற்று வீசிய காலம் முழுவதும் அதோடுதான் கிடந்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுரண்டுவது, தூள் பறந்தால் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்துவது, பிறகு சாண்ட்பேப்பரால் ரேகை போகிற பக்கமாகவே தேய்ப்பது. ஒருநாள் பெயின்றுக்குக் கீழே மஞ்சள் தெரிந்தது. பலா. எண்ணெய் காட்டியதும் அது பொன்னாக மாறிவிட்டது. ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். அங்கே அவர் வேலையில் நிற்கிற நேரம் என்று நினைவு வந்தது. திரும்ப வைத்துவிட்டு அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்படி ஒவ்வொன்றாக வீடு என் விருப்பத்துக்கு மாறியது. கட்டில், வாங்கு, யன்னல் சட்டம், கதவு எல்லாம் மரமாகவே நின்றன. வருடத்துக்கு ஒருமுறை வாடைக் காற்றுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் மெழுகு தடவுவேன். யாராவது ஈரக் கோப்பையை மேசையில் வைத்தால் உடனே எடுத்துக் கீழே துணி விரிப்பேன். வருகிறவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

அவருடைய கதிரையை மட்டும் தொடவில்லை. மற்ற எல்லாச் சாமான்களுக்கும் நடுவில் அது நீலமாக, அங்கங்கே உரிந்து, கீழே பழைய பச்சை தெரிய, அவலட்சணமாகத்தான் நின்றது. என் ருசிக்கு அதைப் போல எதிரி இல்லை. ஆனால் காலையில் தேத்தண்ணி வைக்கும்போது அந்தப் பெருவிரல் அடையாளத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். என் விரல் சிறிது, உள்ளே இடம் மிஞ்சும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

போனில் முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வந்த பிறகு சாமான்களை அவருக்குக் காட்டுவேன். தொடக்கத்தில், "நான் வந்தனெண்டால் எல்லாத்துக்கும் நீலம்தான்" என்பார். "கை வைச்சுப் பாருங்கோ" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். காலம் போகப்போக அவர், "வடிவா இருக்கு" என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். எதைக் காட்டினாலும் வடிவா இருக்கு. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்காமல் போனது. எனக்கு அவரோடு ஒரு சண்டை பிடிக்க வேண்டும் போலிருக்கும். பெயின்ற் மணத்தோடு, சாரத்தில் வரிகளோடு, அவர் எனக்கு முன்னால் நிற்க வேண்டும், நான் கத்த வேண்டும். இரவும் பகலும் நான் ஏங்கியது அதற்குத்தான்.

காட் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். ரிக்கெற் போட்டிருக்கிறேன், திருநாளுக்கு நிற்பேன் என்றார். "வந்தால் நிப்பியளோ, திரும்பப் போவியளோ?" என்று கேட்டேன். பிளேன் இறங்குகிற நேரத்தைச் சொன்னார். பிறகு, "வந்து பாப்பம்" என்றார். அந்தப் பாப்பம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டை ஆயத்தப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் மெழுகு போட்டேன். கதிரையைத் தூசு மட்டும் தட்டிக் குசினியில் அதே இடத்தில் வைத்தேன். கண்டதும் அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

வந்தார். மயிர் கொட்டி, கொஞ்சம் கூனி, நீளக் காற்சட்டையோடு. நான் அழுதேன், அவரும் அழுதார். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் இரண்டு பேரையும்விடக் கூடுதலாக அழுதார். எல்லாரும் போன பிறகு வீட்டுக்குள் மெல்ல நடந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் தடவி, "அச்சா", "நல்ல வேலை" என்றார். பிறகு விறாந்தை வாங்கைக் காட்டி, "இதிலை இருக்கலாமோ?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் அது காதில் சரியாக ஏறவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மேசை பக்கத்திலேயே இருந்தது. அவர் வைக்கவில்லை. நான் போய் வாங்கும் வரை கையிலேயே வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விருந்துக்கு வந்தவர்கள்தான் அப்படி இருப்பார்கள்.

நாட்கள் போயின. அவர் எதற்கும் என்னைக் கேட்டார். யன்னலைத் திறக்கட்டோ, வாளியை இதில் வைக்கட்டோ, துவாயை எங்கே காயப் போடுகிறது. குசினிக் கதிரையைக் கண்டார், "இது இன்னும் கிடக்கோ?" என்றார். "கிடக்கு" என்றேன். அவர் அதில் இருக்கவில்லை. வெளியே நான் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில்தான் போய் இருந்தார்.

அவர் கொண்டுவந்த பெட்டியில் சாரம் ஒன்றுகூட இல்லை. அதை வாங்கி வர ஒருநாள் காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். கடை கடையாக ஏறி, அவர் முன்பு உடுத்தது போல கோடு போட்ட சாரம் தேடி எடுத்தேன். திரும்பி வந்து ஒழுங்கைக்குள் நடக்கும்போதே சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மரத்தில் கண்ணாடி போகிற சத்தம்.

வேப்பமர நிழலில் கதிரை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். மண் முழுவதும் நீலச் செதில்கள். கதிரையில் ஒரு பொட்டு நிறமும் மிச்சமில்லை.

"வாரும், வாரும்," என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "உம்மட கண்ணாடித் துண்டை எடுத்தனான், கோவிக்காதையும். பாரும், வேம்பு. உள்ளுக்கை என்ன சிவப்பு! உமக்குப் பிடிக்குமெண்டு நினைச்சன்."

நான் பையை வைத்துவிட்டுக் கதிரையை நிமிர்த்தினேன். முதுகுச் சட்டத்தில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. ஒரு பல் அடையாளம்கூட விழாமல், என்னைவிடத் திறமாகச் சுரண்டியிருந்தார்.

"ஆர் உங்களைக் கேட்டது?"

"என்ன?"

"ஆர் கேட்டது? இந்தக் கதிரையைத் தொடச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?"

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாத்தையும் உரிச்ச நீர் இதை மட்டும் விட்டிருந்தீர். தனிய உமக்கு ஏலாமல் போச்சுதாக்கும் எண்டு நினைச்சனான். நான் போக முதல் உம்மட வீட்டை உம்மட விருப்பத்துக்கு முடிச்சுக் குடுப்பம் எண்டு..."

"ஆற்றை வீடு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "உம்மட வீடு எண்டு சொல்லுறியள். ஆற்றை வீடு இது? இந்த வீட்டிலை உங்கட எண்டு கிடந்தது அது ஒண்டுதான். ஏலாமல் விட்டனான் எண்டோ நினைச்சியள்? அதிலை உங்கட விரல் அடையாளம் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனான்!"

அவர் முதுகுச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு மண்ணில் கிடந்த செதில்களைப் பார்த்தார், அதற்குள் விரலைத் தேடி எடுத்துவிடலாம் என்பது போல.

"எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார் மெதுவாக. "நீர் சொல்லேல்லையே. வந்த நாள் துவக்கம் எங்கை இருக்கிறது, கோப்பையை எதிலை வைக்கிறது எண்டு தெரியாமல் நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாம் அவ்வளவு வடிவாக் கிடக்கு. தொடவே பயமாக் கிடக்கு."

அது உண்மை. நான் அவருக்காக விட்டு வைத்திருந்த இடம் ஒரு கதிரை அளவுதான். மற்றதெல்லாம் நான் தேய்த்துத் தேய்த்து எனக்கென்று ஆக்கிக்கொண்டது. ஆனால் கோபத்தில் இருக்கும்போது ஒருவர் சொல்வது உண்மையாக இருந்தால் கோபம் இன்னும் கூடும்.

"நிக்கப் போறியளோ, போகப் போறியளோ?"

"பாப்பம்..."

"அந்தச் சொல்லை இனி என்னட்டைச் சொல்லாதையுங்கோ," என்றுவிட்டு உள்ளே போய்விட்டேன். சாரப் பை வெளியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் இரண்டு பேரும் அளந்துதான் பேசினோம். சாப்பிட வாங்கோ, தண்ணி கொண்டு வாரும், அவ்வளவுதான். நான் அந்தக் கதிரைக்கு எண்ணெய் காட்டவில்லை. மெழுகு தடவவில்லை. நான் ஆசைப்படுகிற சிவப்பு மரம்தான், ஆனாலும் பார்க்கவே பிடிக்கவில்லை. திருநாளுக்குக் கொடியேற்றும் நாள் கிட்டியது. கரையில் அவருடைய தமையனின் மகன் வள்ளம் ஏற்றிப் பெயின்ற் அடிப்பதாகச் சொன்னார்கள். இவர் காலையிலேயே அங்கே போய்விடுவார். உதவி செய்கிறாரா, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தார். நான் இரண்டாம் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து படலையைத் திறந்ததும் மணம் வந்தது. பெயின்ற் மணம். செருப்பைக் கழற்றிய கையோடு குசினிக்கு ஓடினேன்.

கதிரை நடுவில் நின்றது. எங்கள் பழைய நீலம் இல்லை. தமையன் மகனின் வள்ளத்துப் பச்சை. இப்படி ஒரு பச்சையை நான் சாமானில் கண்டதில்லை, கிளியே வெட்கப்படும். கதிரையில் அவர் இருந்தார். புதுச் சாரத்தோடு இருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"எழும்புங்கோ! காயேல்லை!"

எழும்பினார். சாரத்தின் பின்பக்கத்தில் பச்சை வரிகள். அதைப் பார்த்துத் திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் எனக்கு அலுமாரி தெரிந்தது. ஒரு கச்சான் காலம் முழுவதும் சுரண்டிப் பொன்னாக்கிய என் பலா அலுமாரி. அதன் பக்கப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு.

"இது என்ன?"

"பிரஷைத் துடைச்சனான்," என்றார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு ஓடி வந்துவிட்டார். "என்ன, என்ன நடந்தது?" என்று கேட்டார். இவர் யன்னலால் தலையை நீட்டி, "ஒண்டுமில்லை அக்கா, வழமையான சண்டைதான்," என்றார். நான் இன்னும் கத்தினேன். விசரோ உங்களுக்கு என்றேன். இந்த அலுமாரிக்கு நான் எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமோ என்றேன். உங்கட பரம்பரைக்கே மண்டையில் ஒன்றும் இல்லை என்றேன். கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் சிரித்துக்கொண்டு கோப்பையை மேசையில் வைத்தார். எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவே இல்லை. அடியிலிருந்த ஈரம் மேசையில் வட்டமாகப் பதிந்தது. அதை நான் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. துவாயைக் கதிரையின் கையில் எறிந்தார், யன்னலை அறைந்து சாத்தினார். திருநாளன்று புனிதரின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றி வரும்போது இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். அவருடைய சாரத்தில் பச்சை வரி அப்படியே இருந்தது; வேறு சாரம் வாங்குவோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் ரிக்கெற் போட்ட நாள் வந்தது. அங்கே வேலை இருக்கிறது, ஒழுங்குபடுத்த வேண்டிய காரியங்கள் இருக்கின்றன, உடனே விட்டுவிட்டு நிற்க முடியாது என்றார். இது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற வான் வருவதற்கு முதல் குசினிக்குள் போய்க் கதிரையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பூச்சு மட்டும்தான் அடித்திருந்தார். பச்சைக்குக் கீழே வேம்பின் சிவப்பு அங்கங்கே தெரிந்தது.

"இது காணாது. வெறும் மரம் எல்லோ, எல்லாத்தையும் குடிச்சுப் போட்டுது. இரண்டாவது பூச்சு அடிக்க வேணும்."

"ரின்னிலை மிச்சம் கிடக்குத்தானே. நான் அடிக்கட்டோ?"

"கை வைச்சுப் பாரும்," என்றார்.

எத்தனையோ வருடம் நான் அவருக்குச் சொன்ன சொல். இப்போது அது அவர் வாயால் வந்தது. ரின்னின் மூடியைச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி இறுக்கினார். காற்றுப் போகாமலிருக்கக் கவிழ்த்து அலுமாரியின் கீழே தள்ளினார். "நான் வந்து அடிக்கிறன்," என்றார். எப்போது என்று சொல்லவில்லை. வான் ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரை நின்று பார்த்தேன். உள்ளே வந்து அவருடைய கதிரையில் இருந்தேன். அது அப்போது நன்றாகக் காய்ந்திருந்தது.

இப்போது காலையில் தேத்தண்ணி அடுப்பில் கொதிக்கும்போது அலுமாரியின் கீழே கையை விட்டு ரின்னை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டிப் பார்க்கிறேன். உள்ளே தளும்பும். திரும்பக் கவிழ்த்து வைப்பேன். அலுமாரியின் பச்சைக் கோட்டைச் சுரண்ட எனக்கு அரை மணித்தியாலம் போதும், சுரண்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதைக் கண்டுவிட்டு, "இப்பதான் ஒரு நிறம் வந்திருக்கு," என்று பாராட்டிவிட்டுப் போனார். போனில் அவர் பாப்பம் என்று சொல்வதில்லை. "ரின்னை ஆட்டிப் பாத்தனீரோ?" என்று கேட்பார். "ஓம், நல்லாக் கிடக்கு," என்பேன். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

நேற்று ஆட்டியபோது சத்தம் வேறாக இருந்தது. தளும்பியது, ஆனால் மெதுவாக. அசைந்து மறுபக்கம் போய்ச் சேர நேரம் எடுத்தது. நான் ரின்னைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைக் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. வழமை போலக் கேட்டார்.

"ஆட்டிப் பாத்தனீரோ?"

"பாத்தனான். தடிக்கத் தொடங்கீட்டுது," என்றேன். பிறகு, இவ்வளவு வருடமும் அவரிடம் சொல்லாததைச் சொன்னேன். "கெதியா வாங்கோ."